சகர வரிசைப் பெயர்கள்

நாக்கு மறுபடியும் அங்கேதான் போனது. போகாதே என்றால் கேட்கிற ஜென்மமா அது. மேல்வரிசையில், மூக்குக்கு நேர் கீழே, இத்தனை வருஷம் சொந்தப் பல் நின்ற இடத்தில் இப்போது வாடகைக்கு வந்தவன் மாதிரி நிற்கிற பல்லுறையின், அந்தக் கேப்பின், உள்பக்கத்தை நாக்கு நுனி ஒரு சுற்றுச் சுற்றியது, தடித்த விளிம்பில் இடித்தது, திரும்பி வந்தது, வந்த சூட்டோடு மறுபடியும் கிளம்பியது. பால்வண்ணம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்தார். நுகர்வோர் கோர்ட்டின் அன்றைய வழக்குப் பட்டியல். நேற்றுச் சாயங்காலமே படித்தாயிற்று, வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அதுவே கண்ணில் நின்றது, இப்போது காலை பத்தேகால் மணிக்கு வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு படிப்பது எத்தனையாவது தடவையோ. ஒன்பதாவது வரி. மனுதாரர் எஸ்தர் ராஜாத்தி. எதிர்மனுதாரர் டாக்டர் சச்சிதானந்தம், பல் மருத்துவர். முதல் வாய்தா. நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அவன் வந்து, பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்த் தலையைக் காட்ட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே வழக்கு நடந்து முடிந்துவிடும். கூப்பிட வேண்டியவர் டவாலி பால்வண்ணம். அவர் வாயைக் கெடுத்தவன்தான் அந்த ஒன்பதாவது வரி. வாடா, என்று மனசுக்குள் சொன்னார். மனசுக்குள் சொல்லும்போது விசில் வருவதில்லை, அது ஒரு வசதி.

இருபத்தாறு வருஷம் கூப்பிட்ட வாய். முன்சீப் கோர்ட்டில் பதினெட்டு வருஷம், இங்கே எட்டு. தோளில் சிவப்பு டவாலியும் அதில் பித்தளை வில்லையும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், சத்தம் யாருக்கு வரும். பால்வண்ணம் வாசற்படியில் நின்று ஒரு பேரைச் சொன்னால் ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஓடிவருவான். கத்துவதில்லை, அதுதான் விஷயம். கத்துகிறவன் தொண்டையைத்தான் புண்ணாக்கிக்கொள்வான். பேரை எழுத்தெழுத்தாக நிறுத்தி, முதல் தடவை ஆளைத் தேடுகிற மாதிரி, இரண்டாம் தடவை ஆள் அகப்பட்ட மாதிரி, மூன்றாம் தடவை சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரிக் கூப்பிட வேண்டும். பழைய முன்சீப் ஒருத்தர் மாற்றலாகிப் போகும்போது, உம்ம வாயில என் பேரை ஒருதரம் கேட்டுட்டுப் போறேன் என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். அந்த வாய்தான் இப்போது வக்கீல்களுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. கேப் போட்ட மறுநாள் சுப்புலட்சுமி என்று ஒரு பேர் வந்தது. முதல் எழுத்தே விசில். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு சின்ன வக்கீல், என்ன அண்ணாச்சி, சோறு வெந்துட்டா, இன்னும் ரெண்டு விசில் பாக்கி இருக்கா என்றான். எல்லாரும் சிரித்தார்கள், பால்வண்ணமும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அதற்கடுத்த வாரம் பெஞ்ச் கிளார்க் ரெஜினா மேடம், நல்ல மனசோடுதான், ச வரிசைப் பேரெல்லாம் நானே வாசல்ல வந்து கூப்பிட்டுருதேன், நீங்க மத்ததைப் பாருங்க அண்ணாச்சி என்றாள். சண்முகம், சாரதா, சேர்மக்கனி, சொரிமுத்து, எல்லாம் கைவிட்டுப் போயிற்று. இந்த ஊரில் ச இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள். பாதி ஜனத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மேடம் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கிறது, நாக்கு போகிற மாதிரியே.

அந்த இடம் மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, பல் பராமரிப்பு இல்லம் என்று எழுதியிருந்தான். பராமரிப்பு. முன்பல்லில் சோற்றுக் கல் கடிபட்டு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த நேரம், கன்னம் உப்பி, பனியனுக்குள் காய்ச்சல் மாதிரி. வரவேற்பில் இருந்த பெண் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தாள், அதில் பதினேழு என்று போட்டிருந்தது. இவர் பேரைச் சொன்னார், பால்வண்ணம், நுகர்வோர் கோர்ட். அவள் எழுதிக்கொண்டாள், ஆனால் கூப்பிட்டது பதினேழு. அதையும் ஒரே ஒரு தடவை, தலையைத் தூக்காமல், போனைத் தடவிக்கொண்டே. பேர் சொல்லிக் கூப்பிடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனுஷனை நம்பர் போட்டுக் கூப்பிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆறு தடவை போனார், ஆறு நம்பர். ரூட் கேனால் என்றால் பல்லை எடுக்காமல் வேருக்குள் இருக்கிற நரம்பைச் சுரண்டி எடுத்து அடைக்கிறது என்று ஒரு படத்தைக் காட்டிச் சொன்னான், அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழு வாக்கியம். மற்றதெல்லாம் திறங்க, இன்னும் திறங்க, ஆட்டாதீங்க. வாயில் பச்சை ரப்பர்த் துணியை விரித்து ஒரு பல்லை மட்டும் வெளியே நீட்டிவைத்து, அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் மல்லாந்து கிடக்கிறான் என்பதையே மறந்துவிட்டு, காதில் எதையோ செருகிக்கொண்டு, யாரோடேயோ கார் நிறுத்துகிற ஷெட்டுக்குத் தகரம் போடுவதா ஓடு போடுவதா என்று பேசிக்கொண்டே குடைந்தான். தகரம்னா சூடு இறங்கும், ஓடுன்னா குரங்கு வரும். கடைசி நாள் ஊசி போட்டு உதடு மரத்துக் கிடக்கும்போதே கேப்பை ஒட்டினான். மரத்துப்போன வாயால் எதைக் கடித்துப் பார்க்க, எதைச் சொல்லிப் பார்க்க. ரெண்டு நாள் கழித்துப் போய், டாக்டர், ச வரமாட்டேங்குது, காத்து போகுது என்று சொன்னபோது அவன் அடுத்த நாற்காலியில் கிடந்த வாய்க்குள் குனிந்திருந்தான். இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிரும் என்றான். அவ்வளவுதான். பழகிரும்.

எது பழகியது. காபியை ஆற்றி வலதுபக்கமாகச் சாய்த்து விட்டுக்கொள்வது பழகியது. கொய்யாப்பழத்தைக் கத்தியால் கீற்றுக் கீற்றாக நறுக்கிக் கடைவாய்க்குக் கொடுப்பது பழகியது. முறுக்கு, சீடை, வறுத்த கடலை இதெல்லாம் உலகத்தில் இருக்கிறது என்பதை மறப்பது பழகியது. ராத்திரி இடதுபக்கம் ஒருக்களித்தால் அந்தப் பல் தலையணைக்குள்ளிருந்து சன்னமாகத் துடிக்கிறது, அதனால் மல்லாந்து படுத்து, மல்லாந்தால் குறட்டை, குறட்டைக்கு மனைவி கோமு எழுந்து அடுக்களையில் போய்ப் படுக்கிறாள், அதுவும் அவளுக்குப் பழகிவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. வலி என்றால் நாலு பேரிடம் சொல்லலாம், மாத்திரை போடலாம். இது பல்லுக்கு உள்ளே இல்லை, பல்லைச் சுற்றி வாழ்க்கை முழுக்கப் படர்ந்து கிடக்கிறது. இதை எந்த டாக்டரிடம் போய் எந்த இடம் என்று தொட்டுக் காட்டுவது. எல்லாவற்றையும் விட வலித்தது மகள் விஷயம்தான். மகள் பேர் சிவசெல்வி. அவர் வைத்த பேர்தான். அவள் பிறந்த அன்றைக்குப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, சத்தம் நன்றாக உருள்கிறது என்று அதற்காகவே வைத்தது. இப்போது வாரம் ஒருதரம் திருப்பூரிலிருந்து அவள் போன் போடுவாள், இவர், என்ன பிள்ள, நல்லா இருக்கியா பிள்ள என்று ஓட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் அவள், எம்மேல எதுவும் கோவமாப்பா, பேரைச் சொல்லியே கூப்பிட மாட்டேங்கீங்க என்று கேட்டுவிட்டாள். இல்ல பிள்ள என்றார். போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அழுகைதான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. அழுது முடித்துப் பார்த்தால் அடியில் கல்லு மாதிரி ஒன்று கிடந்தது. அவனை விடக் கூடாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் எஸ்தர் ராஜாத்தியின் மனு வந்த அன்றைக்கே வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ரெக்கார்டு ரூமில் நின்றபடியே படித்துவிட்டார். அவள் நர்சரிப் பள்ளிக்கூடத்து டீச்சர், அதே மாடி, அதே நாற்காலி. வக்கீல் காசிம் பீர் எழுதியிருந்தார். மனுதாரர் திட உணவை மெல்ல இயலாமலும், குளிர்ந்த நீர் பருக இயலாமலும், உறக்கமின்றியும், மாணவர் முன் வாய்திறக்கக் கூசியும், தமது வாழ்க்கைத் தரத்தை முற்றிலும் இழந்து. படிக்கப் படிக்க இது யாரோ தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. கூசியும் என்ற இடத்தில் நின்றுவிட்டார். பல்லும் கூசுகிறது, மனுஷனும் கூசுகிறான், ரெண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள், வைத்தவனுக்கும் ரூட் கேனால் பண்ணியிருப்பார்கள் போலிருக்கிறது. நீங்களும் ஒரு மனு போடலாமே என்று கோமு கேட்டாள். போடலாம். போட்டால் இதே கோர்ட்டில் இதே வாசலில் பால்வண்ணம் என்று யார் கூப்பிடுவது, அவரே தன் பேரைக் கூப்பிட்டுவிட்டு அவரே உள்ளே ஓடுவதா. வராந்தா இன்னொரு வருஷத்துக்குச் சிரிக்கும். வேண்டாம். அவருக்கு வேறு ஆயுதம் இருந்தது, அது என்னவென்று அவருக்கே பழைய ஞாபகம் ஒன்றுதான் எடுத்துக்கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தொண்டை கட்டியிருந்தது. பேச்சிமுத்து என்று ஒரு செங்கல் சூளைக்காரர், வேப்பமரத்தடியில்தான் நின்றார், இவர் கம்மிய குரலில் மூன்று தடவை கூப்பிட்டார், காதில் விழவில்லை. எக்ஸ்பார்ட்டி. அந்த மனுஷன் அதை மாற்ற ரெண்டு வருஷம் அலைந்தார். அன்றைக்கு அதற்காகப் பால்வண்ணம் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அதே ஞாபகம் சமையல் குறிப்பு மாதிரி வந்து நிற்கிறது. மெதுவாகக் கூப்பிட்டால் போதும். பொய் சொல்லவில்லை, கூப்பிடாமல் விடவில்லை, மூன்று முறை கூப்பிட்டேன் அம்மா, ஆள் இல்லை என்று நீதிபதி நாற்காலியில் இருக்கிற தலைவர் அம்மாவிடம் சொல்லலாம். வாயில் பல் சரியில்லை, சத்தம் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய. அந்தப் பல்லை யார் கட்டினானோ அவனைக் கேளுங்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் பால்வண்ணத்துக்கு உச்சி குளிர்ந்தது. இங்கே எக்ஸ்பார்ட்டி ஆனால் இங்கேயே மாற்றவும் முடியாது, மேலே சென்னைக்கு அலைய வேண்டும். அலையட்டும். டோக்கன் வாங்கி உட்காரட்டும்.

பத்தரைக்கு வந்தான். கார் சத்தம் கேட்டே தெரிந்தது, ஆனாலும் திரும்பவில்லை, திரும்பாமல் இருக்க முடியாமல் திரும்பினார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, போன் காதிலேயே. இத்தனை மாதம் மனசில் வைத்து அடித்து மிதித்த ஆள் நேரில் பார்த்தால் இவ்வளவுதான் உயரமா என்று இருந்தது. நாற்காலியில் கிடந்து பார்த்தபோது மலை மாதிரி இருந்தான். படியேறி நேராக இவரிடம்தான் வந்தான். அடையாளம் கண்டுகொண்டானா, கண்டுகொண்டு ஏதாவது நல்ல வார்த்தை கேட்டுவிடுவானா, எப்படி இருக்கீங்க, பல்லு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது, அப்படி ஒரு கேள்வி கேட்டால் தான் அந்த இடத்திலேயே இளகிப் போய்விடுவேனோ என்று ஒரு பயம், கேட்காதே, கேட்டுத் தொலைக்காதே. அவன் கேட்டது, நுகர்வோர் கோர்ட் இதுதானா என்று. இவர் தலையை ஆட்டினார். கூப்பிடுவீங்களா, நாங்களா உள்ள போகணுமா என்றான். கூப்பிடுவோம் என்றார். நல்ல வேளையாக அதில் ச இல்லை. அவன் இவருடைய டவாலியில் இருந்த வில்லையைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு தடவை அரைமணி அரைமணி நேரம் இந்த மூஞ்சியின் மேல் மூச்சு விட்டவன். அவனுடைய வக்கீல் வந்து, பக்கத்துக் கோர்ட்டில் ஒரு வேலை இருக்கு, வக்காலத்தை வந்து போட்டுக்கலாம், நீங்க நில்லுங்க, பேர் கூப்பிட்டா உள்ள போய்த் தலையைக் காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் வராந்தாவை ஒரு பார்வை பார்த்தான். பெஞ்சில் எஸ்தர் டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் இறங்கி அந்தக் கோடியில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் போய்ப் போனில் பேச ஆரம்பித்தான். நல்லது. அங்கேயே நில். பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு, ஆரன் சத்தம் ஓயாது. அங்கே நிற்கிறவன் காதில் பழைய பால்வண்ணத்தின் குரல் மட்டும்தான் போய் விழும்.

தலைவர் அம்மா வந்து உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று வழக்குகள் நகர்ந்தன. மாரியப்பன், மாரியப்பன், மாரியப்பன். பிரிட்ஜ் கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டார். இப்ராகிம், இப்ராகிம். வாய் அது பாட்டுக்குக் கூப்பிட்டது, மனசு அந்த ஒரு பேரையே வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொல்லிப் பழகியிருந்தார், கோமு வெளியிலிருந்து, யாரு அது சச்சிதானந்தம், சாமியாரா என்று கேட்டாள். பேரைப் பார் பேரை. முதல் எழுத்தில் விசில், இரண்டாவதில் எச்சில். அவன் அப்பன் ஆத்தாள் எனக்கென்றே யோசித்து வைத்த மாதிரி. அவனை அந்த நாற்காலியில் சாய்த்து, பச்சைத் துணியை விரித்து, வாயைத் திற, இன்னும் திற, ஆட்டாதே, வீட்டுக்குத் தகரம் போடலாமா ஓடு போடலாமா என்று கேட்டுக்கொண்டே குடைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆறு, ஏழு. பாவம் என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்தது, செங்கல் சூளைக்காரர் வேப்பமரத்தடியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விவரம் தெரியாமல் நின்ற நிலை, அவருடைய செருப்பில் ஒட்டியிருந்த செம்மண். அவர் எனக்கு என்ன செய்தார், இவன் செய்தான். போ அந்தப் பக்கம். எட்டாவது வழக்கு முடிந்தது. ரெஜினா மேடம் எழுந்து வாசலுக்கு வந்து, மெதுவாக, "ஒன்பது ச-ல வருது அண்ணாச்சி, நான் கூப்பிடுதேன்" என்றாள்.

"வேண்டாம் மேடம். இது நானே கூப்பிடுதேன்."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். எஸ்தர் ராஜாத்தி பேரை முதலில், நடுவில் லேசாகக் காற்றுப் போக, கூப்பிட்டார், டீச்சர் எழுந்து காசிம் பீரோடு உள்ளே போய் நின்றாள். இப்போது அது. பால்வண்ணம் வாசற்படியில் நின்று, சைக்கிள் பக்கம் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்து, டாக்டர் சச்சிதானந்தம் என்றார். பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிற சத்தம். விசில்கூட வரவில்லை, வெறும் காற்று. பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் நிமிர்ந்தார்கள், அவ்வளவுதான். கடைக்கண்ணில் டாக்டர் போனில் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்று. நெஞ்சு குதித்தது, பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் பென்சிலை எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டபோது குதித்த அதே குதிப்பு. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் சன்னமாக, டாக்டர் சச்சிதானந்தம். ஒரு பஸ் ஆரன் அடித்து மிச்சத்தையும் மூடியது. உள்ளே தலைவர் அம்மா கட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு தடவை இந்தச் சுவரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது, அவன் நடுத்தெருவில் நிற்பான். நிற்பானா. அங்கேதான் மனசு இடறியது. நிற்பான், ஆனால் யாரால் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியுமா. வக்கீலைத் திட்டுவான், பஸ் ஸ்டாண்டைத் திட்டுவான், நேரம் சரியில்லை என்று கோயிலுக்குப் போய் எள்ளு விளக்குப் போடுவான். பால்வண்ணம் என்று ஒரு பேர் அவன் வாயில் வராது. ரெண்டு நாளில் சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டு, காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, அதுவும் அவனுக்குப் பழகிரும். அடித்தவன் யாரென்றே தெரியாத அடி என்ன அடி. அது கல் தடுக்கிற மாதிரி, கால் தவறுகிற மாதிரி. இல்லை, அவன் கேட்க வேண்டும். அவன் செய்து வைத்ததை அவனே காது நிறையக் கேட்க வேண்டும். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும், இந்த வராந்தா சிரிக்காத சிரிப்பா. கேளுடா. பால்வண்ணம் சுவரை விட்டுத் திரும்பினார், சைக்கிள் நிறுத்துகிற கோடிக்கு நேராக நின்றார், டவாலியை இழுத்துவிட்டுக்கொண்டு வயிற்றிலிருந்து எடுத்தார்.

"டாக்டர் சச்சிதானந்தம்."

அப்படி ஒரு சத்தம் ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தது. கூடவே விசிலும் வந்தது, ரயில் கிளம்புகிற மாதிரி நீளமாக, ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் ஒரு ஆள் பெஞ்சை விட்டு எழுந்து நின்று பார்த்தான். வராந்தாவில் முதலில் அந்தச் சின்ன வக்கீல் சிரித்தான், பிறகு பெஞ்சு முழுக்க. பால்வண்ணம் வாயை மூடவில்லை. டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்து, வந்துட்டேன், வந்துட்டேன் என்று கையைத் தூக்கிக்கொண்டு எட்டு எட்டாக வந்தான். படியேறினான். உள்ளே போகப்போனவன் இவருக்கு நேராக வந்ததும் நின்றான். முதல் தடவையாக நின்று பார்த்தான், ஆனால் கண்ணையோ மூக்கையோ இல்லை, வாயைத்தான். புருவம் சுருங்கியது. பழக்கதோஷம் போலும், யோசிக்காமலே கை நீண்டு இவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் லேசாகத் திருப்பியது.

"கொஞ்சம் திறங்க அண்ணாச்சி. இன்னும். யாருங்க இந்த கேப்பைக் கட்டினது? உள்பக்கம் இவ்வளவு தடிமனா விட்டிருக்கான், கடி சேருதான்னுகூடப் பாக்கலியே. இதை வச்சுக்கிட்டு எப்படிப் பேசுதீங்க, எப்படிச் சாப்பிடுதீங்க? எந்தப் பாவி செஞ்சது இது?"

குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் பால்வண்ணத்தின் நெஞ்சில் வந்து குத்தியது. இந்தக் கேள்வியில் பாதியை அன்றைக்குக் கேட்டிருந்தால் போதுமே. இவனுக்கென்று ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம், குளியலறையில் ஒத்திகை பார்த்ததெல்லாம், ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. வாசலுக்கு உள்பக்கம் காசிம் பீர் தலையைத் திருப்பி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், எஸ்தர் டீச்சர் கைக்குட்டையை இறக்கிவிட்டிருந்தாள், ரெஜினா மேடத்தின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பதில் ஒன்றுதான் இருந்தது. தாடையைப் பிடித்த கையைத் தட்டிவிடாமல், அவன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்று சொல்கிற அதே குரலில் பால்வண்ணம் அதைச் சொன்னார்.

"டாக்டர் சச்சிதானந்தம்."

விசில் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் பார்வை வாயிலிருந்து மெல்ல மேலே ஏறி, மூக்குக்கு வந்து, கண்ணுக்கு வந்து நின்றது. தாடையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. என்னமோ சொல்லப்போனான், வாய் திறந்தது. அப்படியே திறந்தபடி நின்றது. பால்வண்ணம் அதற்குள் எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்ததை அடக்கிக்கொண்டார்.

உள்ளே தலைவர் அம்மா கட்டிலிருந்து தலையைத் தூக்கி, எதிர்மனுதாரர் வந்தாச்சா என்று கேட்டார்கள்.

"ஆஜர், அம்மா" என்றார் பால்வண்ணம், அவன் உள்ளே போக வழி விட்டு விலகிக்கொண்டே.